குழாயின் மறுமுனையில்

நிலக்கரியும் கச்சா எண்ணெயும் பெரும்பாலும் கப்பலேறி வருகிற சரக்குகள். ஒரு தேசத்து வியாபாரி விற்க மறுத்தால், விலை சற்றுக் கூடினாலும், வேறொரு தேசத்தின் துறைமுகத்தில் அவற்றை வாங்கிக்கொள்ள வழியுண்டு. இயற்கை எரிவாயுவின் சுபாவம் அத்தகையதன்று. பூமிக்கடியிலிருந்து எடுத்த வாயுவை, பெரும் மூலதனம் போட்டுப் பதித்த எஃகுக் குழாயின் வழியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் தள்ளிக்கொண்டு வந்து, வீட்டு அடுப்பிலும் தொழிற்சாலை உலையிலும் மின்சார நிலையத்திலும் எரிக்கப் பழகிவிட்ட ஒரு தேசம், அந்தக் குழாயின் மறுமுனையில் இருப்பவரோடு முப்பது நாற்பது வருஷங்களுக்குப் பிணைக்கப்பட்டுவிடுகிறது. பதித்த குழாயைப் பெயர்த்தெடுத்து வேறு திசையில் திருப்பி வைக்க ஒருவராலும் இயலாது.

அந்நிய மூலதனத்தைக் கொண்டு கட்டப்படுகிற குழாய்களும் துறைமுகங்களும் கிடங்குகளும் ஒரு தேசத்தின் எரிபொருள் பாதுகாப்பை வளர்க்கின்றனவா, குறைக்கின்றனவா என்ற கேள்வி உலகமெங்கும் சர்க்கார்களை அலைக்கழிக்கிறது. அதற்குக் கொள்கை அளவில் விடை தேடுவதைக் காட்டிலும், ஐரோப்பாவில் அரை நூற்றாண்டுக் காலம் சுமுகமாக நடந்து 2022-ஆம் ஆண்டில் பெரிய முறிவில் முடிந்த ஒரு சரித்திரத்தை உற்றுப் பார்ப்பது அதிகப் பயன் தரும் என்பது என் அபிப்பிராயம். அந்தச் சரித்திரத்தில் ஒரு பெரிய தேசமும் ஒரு சிறிய தேசமும் வருகின்றன. பெரியது ஜெர்மனி, சிறியது, முப்பது லட்சத்துக்கும் குறைவான ஜனங்களைக் கொண்ட லித்துவேனியா.

1970-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று, மேற்கு ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து ஹோட்டல் ஒன்றில், சோவியத் யூனியனின் பிரதிநிதிகளும் ஜெர்மன் கம்பெனிகளின் பிரதிநிதிகளும் கூடி, ஒன்றோடொன்று கோத்த மூன்று ஒப்பந்தங்களைச் செய்துகொண்டார்கள். மன்னஸ்மான் என்ற எஃகுக் கம்பெனி அகன்ற விட்டமுள்ள குழாய்களைச் செய்து சோவியத் யூனியனுக்கு அனுப்புவது என்பது ஒன்று. அந்தக் குழாய்களின் கிரயத்துக்காக டாய்ச் வங்கியின் தலைமையில் ஜெர்மன் வங்கிகள் 120 கோடி மார்க் கடன் கொடுப்பது என்பது மற்றொன்று. அக்குழாய்களின் வழியே வரப்போகிற வாயுவை ரூர்காஸ் என்ற கம்பெனி 20 வருஷ காலம் வாங்குவது, அந்த வாயுவின் விலையைக் கொண்டே வங்கிக் கடன் அடைபடுவது என்பது மூன்றாவது. சோவியத் யூனியனிடம் அந்நியச் செலாவணி குறைவு. ஜெர்மனியிடம் எரிபொருள் குறைவு. ஒருவருடைய குறையை மற்றவருடைய நிறைவால் ஈடுசெய்த இந்த ஏற்பாடு, வியாபாரக் கண்கொண்டு பார்க்கையில், இன்றைக்கும் மெச்சத்தக்கதாகவே இருக்கிறது.

அதில் ராஜதந்திர நோக்கமும் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவோடு பகைமையைத் தணித்து உறவாட வேண்டும் என்பது அப்போதைய பிரதமர் வில்லி பிராண்ட் வகுத்த கொள்கை. வியாபாரத்தினால் நெருங்கியவர்கள் யுத்தத்துக்குத் துணியமாட்டார்கள் என்ற நம்பிக்கை அக்கொள்கையின் அடித்தளமாக அமைந்தது. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சோவியத் வாயு முதன்முதலாக மேற்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது. அதே மாதத்தில்தான் அரபு தேசங்கள் எண்ணெய்க்குத் தடை விதித்து, உலகச் சந்தையைக் கலங்கச் செய்தன. பாலைவனத்து எண்ணெயைவிடச் சைபீரியாவின் வாயுவே நம்பத்தகுந்தது என்ற எண்ணம் ஜெர்மானியர்களின் மனத்தில் வேரூன்றியதற்கு இந்தத் தற்செயலான பொருத்தமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பத்தாண்டுகளுக்குப் பிறகு, யுரெங்கோய் வாயு வயலிலிருந்து மேலும் ஒரு பெருங்குழாய் ஐரோப்பாவை நோக்கிப் பதிக்கப்பட்டபோது, அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அதைத் தடுக்க முனைந்தார். போலந்தில் ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதைக் காரணம் காட்டி, குழாய்க்கு வேண்டிய யந்திரங்களை அமெரிக்கக் கம்பெனிகள் மட்டுமன்றி, அவற்றின் உரிமம் பெற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் விற்கலாகாது என்று 1982-இல் உத்தரவிட்டார். அவருடைய நெருங்கிய சிநேகிதியான பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் உட்பட ஐரோப்பியத் தலைவர்கள் ஒரே குரலாக அதை எதிர்த்தார்கள். சில மாதங்களிலேயே தடை விலக்கப்பட்டது. குழாய் வந்தது, வாயு வந்தது, சோவியத் யூனியனே சிதறிப்போன 1991-ஆம் ஆண்டின் குழப்பத்திலும் ஜெர்மனிக்கு வாயு வருவது நிற்கவில்லை. இத்தனை வருஷ அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெர்மானியர்கள் ரஷ்யாவை நம்பியதை வெறும் பேதைமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

நம்பியதில் அல்ல, வேறோர் இடத்தில்தான் தவறு நிகழ்ந்தது. அதைக் காண நார்டு ஸ்ட்ரீம் என்னும் கடலடிக் குழாயின் கதைக்கு வரவேண்டும்.

சோவியத் யூனியன் பிரிந்தபின், ரஷ்யாவின் வாயு மேற்கே போவதற்குப் புதிய சுதந்திர தேசமான உக்ரைனின் மண்ணைக் கடக்க வேண்டியிருந்தது. விலையையும் கடன் பாக்கியையும் சுங்கத்தையும் பற்றி இரு தேசங்களுக்கும் ஓயாத வழக்கு; 2006-ஆம் ஆண்டு ஜனவரியிலும், இன்னும் கடுமையாக 2009-ஆம் ஆண்டு ஜனவரியிலும், ரஷ்யா குழாயை மூடியது. இரண்டாவது தடவை ஏறத்தாழ இரண்டு வாரம் நீடித்த அந்த முடக்கத்தில், கடுங்குளிரில் பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் பட்ட அவஸ்தை சொல்லுந்தரமன்று. இடையில் நிற்கும் தேசம்தான் தொல்லைக்கு மூலம், அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டால் பிரச்சினை தீரும் என்று மாஸ்கோ சொன்னதைப் பெர்லின் ஏற்றுக்கொண்டது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே, பிரதமர் ஷ்ரோடர் பதவியிழப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, பால்டிக் கடலின் அடியில் ரஷ்யாவையும் ஜெர்மனியையும் நேராக இணைக்கும் குழாய்க்கு ஒப்பந்தம் ஆகியிருந்தது. பதவியிலிருந்து இறங்கிய அதே ஷ்ரோடர் அந்தக் குழாய்க் கம்பெனியின் பங்குதாரர் குழுவுக்குத் தலைவராகப் போய் அமர்ந்தார். ஒரு தேசத்தின் பிரதமராக இருந்தவர் அந்நிய தேசத்து வியாபார ஸ்தாபனத்தில் இவ்வளவு சீக்கிரம் ஊதியம் பெறுவது சட்டத்துக்கு விரோதமில்லையென்றாலும், ஜனங்களின் நம்பிக்கைக்கு அது செய்த தீங்கு லேசானதன்று.

பொறியியல் வேலை என்ற வகையில் அந்தக் குழாய் ஓர் அற்புதம். ரஷ்யாவின் வீபர்க் பக்கத்திலிருந்து ஜெர்மனியின் கடற்கரைக் கிராமமான லுப்மின் வரை 1,224 கிலோமீட்டர் நீளம். 12 மீட்டர் நீளமுள்ள ஒவ்வொரு துண்டும், கடலடியில் மிதந்தெழாமல் கிடப்பதற்காகப் பூசிய கான்கிரீட் கவசத்தோடு சேர்த்து, ஏறக்குறைய 24 டன் எடை. இவற்றைக் கப்பலின் மேல்தட்டிலேயே ஒன்றோடொன்று பற்றவைத்து, கப்பல் நகர நகர, நீண்ட சரடாகக் கடலுக்குள் இறக்கிக்கொண்டே போனார்கள். வழியிலே யுத்த காலத்தில் போட்டுவைத்த கண்ணிவெடிகளை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. அத்தனை தூரத்துக்கும் இடையில் ஒரு நிலையம்கூட இல்லாமல், ரஷ்யக் கரையில் போர்ட்டவாயா என்ற இடத்தில் கொடுத்த ஒரே அழுத்தத்தினால் வாயு மறுகரை வந்து சேர்ந்தது. முதல் குழாய் 2011-ஆம் ஆண்டு நவம்பரிலும் இரண்டாவது மறு வருஷமும் திறக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 5,500 கோடி கன மீட்டர் வாயுவைக் கொண்டுவர வல்லவையாக இருந்தன.

இந்தக் கம்பெனியின் பங்குகளில் 51 சதவிகிதம் ரஷ்ய சர்க்காரின் வாயுக் கம்பெனியான காஸ்ப்ராமுக்கு. மீதி, இரண்டு ஜெர்மன் கம்பெனிகளுக்கும் ஒரு டச்சுக் கம்பெனிக்கும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கும். இத்தனை தேசத்தார் பங்கு வைத்திருக்கும்போது ரஷ்யா ஒருதலைப்பட்சமாக நடந்துகொள்ளாது, ஏனெனில் நஷ்டம் அதற்கும்தானே என்பது அன்று எல்லோரும் சொன்ன சமாதானம். போலந்து மட்டும் ஆரம்பத்திலிருந்தே அதை ஒப்பவில்லை. 2006-இல் அத்தேசத்துப் பாதுகாப்பு மந்திரியாயிருந்த சிகோர்ஸ்கி, இந்த ஒப்பந்தத்தை 1939-ஆம் ஆண்டில் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் ரஷ்யாவும் செய்துகொண்ட உடன்படிக்கையோடு ஒப்பிட்டுப் பேசி, ஜெர்மானியர்களைப் புண்படுத்தினார். ஒப்பீடு மிகையானதுதான். ஆனால், பங்குப் பத்திரம் வைத்திருப்பவனுக்கு லாபத்தில்தான் உரிமையுண்டே தவிர, போர்ட்டவாயாவில் உள்ள அடைப்பானைத் திறக்கிற உரிமை கிடையாது என்ற எளிய உண்மையைப் போலந்துக்காரர்கள் கண்டிருந்தார்கள். பெர்லினில் அதைக் காண விரும்பியவர்கள் சிலரே.

குழாயைப் பற்றித்தான் உலகமெல்லாம் பேசியது. எனக்கோ அதைவிடக் கொடியதாகத் தோன்றுவது, அதிகம் பேசப்படாமல் நடந்துபோன மற்றொரு கைமாற்றம்.

வாயுவைப் பயன்படுத்தும் குளிர்ப் பிரதேசங்களில், கோடை காலத்தில் தேவை குறைவு, குளிர்காலத்தில் பன்மடங்கு அதிகம். ஆகையால் கோடையில் வருகிற வாயுவைப் பூமிக்கடியில், வாயு எடுத்து வற்றிப்போன பழைய வயல்களிலும் உப்புப் பாறையைக் கரைத்துக் குடைந்த குகைகளிலும், மறுபடியும் அழுத்தி நிரப்பி வைத்துக் குளிர்காலத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். வட ஜெர்மனியில் ரேடன் என்ற ஊரின் அடியில், சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில், அப்படிப்பட்ட ஒரு களஞ்சியம் இருக்கிறது. ஏறக்குறைய 400 கோடி கன மீட்டர் கொள்ளும். ஜெர்மனியின் மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு. மேலே பார்த்தால் வயல்களுக்கு நடுவே சில குழாய்களும் கட்டிடங்களும் தவிர வேறொன்றும் தெரியாது. இந்தக் களஞ்சியத்தை, 2015-ஆம் ஆண்டில், சைபீரியாவில் வாயு வயல்களில் பங்கு கிடைப்பதற்கு மாற்றாக, ஜெர்மன் கம்பெனியொன்று காஸ்ப்ராமுக்குக் கொடுத்துவிட்டது. அதற்கு முந்தின வருஷந்தான் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியிருந்தது. ஆயினும் சர்க்கார் ஆட்சேபிக்கவில்லை. நெல் விற்கிற வியாபாரியின் கையிலேயே நம் வீட்டுக் குதிரின் சாவியையும் கொடுத்துவைப்பதைப் போன்ற காரியம் அது.

விளைவு 2021-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் தெரிந்தது. வழக்கமாகக் கோடை முழுவதும் நிரம்புகிற ரேடன் களஞ்சியம் அவ்வருஷம் நிரம்பவேயில்லை. குளிர்காலம் தொடங்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட வாயு இல்லை. ஒப்பந்தப்படி தரவேண்டியதைத் தந்துகொண்டிருந்த காஸ்ப்ராம், அதற்குமேல் விற்கவுமில்லை, தன் கிடங்கை நிரப்பவுமில்லை. எந்தச் சட்டத்தையும் அது மீறியதாகச் சொல்ல முடியவில்லை. ஏனெனில் கிடங்கை நிரப்பி வைக்கவேண்டும் என்று அன்றைக்கு ஜெர்மனியில் சட்டமே கிடையாது. அந்த வருஷத்தில் ஜெர்மனி இறக்குமதி செய்த வாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவினுடையது.

2022 பிப்ரவரியில் நடந்தவை எல்லோருக்கும் நினைவிருக்கும். முதலிரண்டு குழாய்களுக்கு அருகிலேயே 950 கோடி யூரோ செலவில் பதித்து முடித்திருந்த நார்டு ஸ்ட்ரீம் இரண்டாவது திட்டத்துக்கு அனுமதியளிக்கும் காரியத்தைப் பிரதமர் ஷோல்ஸ் 22-ஆம் தேதி நிறுத்தினார். இரண்டு நாளில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. ஜூன் மாதத்தில், கனடாவில் பழுது பார்க்கப் போன ஒரு யந்திரம் திரும்பி வரவில்லை என்ற காரணம் கூறி, பழைய குழாயில் வரும் வாயு 40 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ஜூலையில் 20 சதவிகிதம். செப்டம்பரில் முற்றிலும் நின்றது. அம்மாதம் 26-ஆம் தேதி, டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவுக்கு அருகே கடலடியில் வெடிகள் வெடித்து, இரு திட்டங்களின் நான்கு குழாய்களில் மூன்று உடைந்தன.

யூனிப்பர் என்ற ஜெர்மன் கம்பெனியின் கதி, இந்த முறிவு எப்படிச் சாதாரண வியாபாரத்தின் வழியாகவே ஒரு தேசத்தை வந்து தாக்குகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. ரஷ்யாவிடமிருந்து நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கி, நூற்றுக்கணக்கான நகராட்சிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் முன்பே பேசிய விலைக்கு விற்பது அதன் தொழில். வரவேண்டிய வாயு நின்றது. கொடுக்கவேண்டிய கடமை நிற்கவில்லை. 2021-க்கு முன் ஒரு மெகாவாட் மணி அளவுக்கு ஏறக்குறைய 20 யூரோவாக இருந்த சந்தை விலை, 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டிற்று. அந்த விலைக்கு வாங்கிப் பழைய விலைக்கு விற்ற கம்பெனி, அவ்வருஷத்தில் 1,910 கோடி யூரோ நஷ்டமடைந்தது. அதைக் கைவிட்டால் நகராட்சிகள் வரிசையாக விழும் என்று அஞ்சி, சர்க்கார் அதன் பங்குகளில் 99 சதவிகிதத்தை ஏற்றுக்கொண்டது. மலிவு விலையில் பல வருஷம் கிடைத்த லாபம் தனியாருக்கும், ஒரே வருஷத்தில் வந்த நஷ்டம் குடிஜனங்களுக்கும் ஆயிற்று.

இதே யூனிப்பர், அதற்கு இரண்டு வருஷம் முன்பு, வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் கப்பலில் வரும் திரவ வாயுவை இறக்குவதற்கு ஒரு நிலையம் கட்ட உத்தேசித்தது. ஜெர்மனிக்கென்று அப்படி ஒரு நிலையம்கூட அன்றைக்கு இல்லை. கட்டினால் இன்ன அளவு இடத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று உறுதியாக ஒப்புக்கொள்பவர்கள் உண்டா என வியாபாரிகளைக் கேட்டுப் பார்த்தது. போதிய பேர் முன்வராமையால், 2020 நவம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இந்தச் சிறு நிகழ்ச்சியில்தான் முழு விஷயமும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குழாயில் மலிவாக வாயு வந்துகொண்டிருக்கும்போது, அதைவிட விலை கூடிய சரக்குக்கு எந்த வியாபாரி முன்பணம் கட்டுவார்? ஒவ்வொருவருடைய கணக்கும் சரிதான். ஆயினும் ஆபத்துக் காலத்துக்கென்று ஒரு மாற்று வழியை வைத்திருப்பதன் மதிப்பு அவர்களில் ஒருவருடைய பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை. அது தேசம் முழுவதற்கும் சேர்ந்த ஆதாயம். ஆகையால் தேசம் முழுவதும் சேர்ந்துதான் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். வியாபாரம் தானாகவே அதைச் செய்துவிடும் என்று காத்திருந்தது ஜெர்மன் சர்க்காரின் பெரும்பிழை.

அப்படிக் காத்திராத ஒரு தேசம் பக்கத்திலேயே இருந்தது.

லித்துவேனியா 1990 மார்ச் மாதத்தில் சுதந்திரப் பிரகடனம் செய்தவுடன், கோர்பசேவ் அத்தேசத்துக்கு எண்ணெயையும் வாயுவையும் நிறுத்தி, இரண்டு மாதங்களுக்கு மேல் முற்றுகைபோல் நெருக்கினார். 2006-ஆம் ஆண்டில், தன்னுடைய ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ரஷ்யக் கம்பெனிக்கு விற்காமல் போலந்துக் கம்பெனிக்கு விற்க முடிவு செய்தபோது, ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய்க் குழாய் பழுதாகிவிட்டதென்று மூடப்பட்டது. அந்தப் பழுது பார்க்கப்படவேயில்லை. ஆயினும் ஆலை நிற்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்பே பூட்டிங்கே என்னும் இடத்தில் கடலிலிருந்து எண்ணெய் இறக்கும் நிலையத்தை அத்தேசம் கட்டி வைத்திருந்ததனால், எண்ணெய் கப்பலில் வந்தது. எண்ணெய்க்கு இருந்த அந்த வழி வாயுவுக்கு இல்லை. வாயு முழுவதும் ரஷ்யாவினுடையது. அதை ஜனங்களுக்கு விநியோகித்த தேசியக் கம்பெனியிலேயே காஸ்ப்ராம் 37 சதவிகிதப் பங்கு வைத்திருந்தது. விலையோ ஐரோப்பாவிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. விலை அநியாயம் என்று ஸ்டாக்ஹோமில் மத்தியஸ்தர்களிடம் வழக்காடியும் லித்துவேனியாவுக்கு வெற்றி கிட்டவில்லை.

வழக்கில் கிடைக்காதது ஒரு கப்பலினால் கிடைத்தது. 2014 அக்டோபர் 27-ஆம் தேதி, கொரியாவின் உல்சான் துறையில் ஹூண்டாய் கம்பெனி கட்டிய இண்டிபெண்டன்ஸ் என்னும் கப்பல் கிளைபேடா துறைமுகத்துக்குள் நுழைந்தது. அது வெறும் சரக்குக் கப்பலன்று. இயற்கை வாயுவை 162 டிகிரி பூஜ்யத்துக்குக் கீழே குளிர்வித்தால் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்தத் திரவத்தை மற்றக் கப்பல்கள் கொண்டுவந்து இதற்குள் மாற்றிவிட, 294 மீட்டர் நீளமும் 1,70,000 கன மீட்டர் கொள்ளளவும் உடைய இக்கப்பல் அதைச் சூடேற்றி மீண்டும் வாயுவாக்கிக் கரையிலுள்ள குழாய்க்குள் செலுத்தும். கரையில் பெரும் தொட்டிகள் கட்ட வருஷங்களும் பணமும் செலவழிப்பதற்குப் பதிலாக, நிலையத்தையே மிதக்கவிட்டு வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் யுக்தி இது.

இந்தக் காரியத்தில் அந்நியர் பங்கு சிறிதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கப்பல் நார்வே தேசத்துக் கம்பெனியினுடையது, பத்து வருஷ வாடகைக்கு வந்தது. ஐரோப்பிய முதலீட்டு வங்கி கடன் உதவியது. வாயு நார்வேயின் ஸ்டாட்டாயில் கம்பெனியிடமிருந்து வாங்கப்பட்டது. ஆனால் நிலையத்தை நடத்துகிற கம்பெனி சர்க்காருடையது. வாடகைக் காலம் முடிந்தால் கப்பலை வாங்கிக்கொள்ளும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருந்தது. வாயுவை யாரிடம் வாங்குவது என்பது லித்துவேனியாவின் இஷ்டம். விற்பவரும் கொண்டுவருபவரும் சேமித்து வைப்பவரும் வெவ்வேறாக இருக்கும்படி அமைத்ததுதான் அங்கே காட்டிய விவேகம். அந்நிய மூலதனம் ஆபத்தானது என்று பொதுப்படச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்குக் காரணமும் இதுவே.

ஜனாதிபதி கிரைபவுஸ்கைட்டே அம்மையார் இதைப் பிடிவாதமாக நடத்தி முடித்தபோது, எதிர்ப்பு இல்லாமலில்லை. தேசத்தின் தேவைக்கு மேற்பட்ட பெரிய கப்பல், பணத்தைக் கடலில் கொட்டுகிறார்கள் என்று குறை சொன்னார்கள். வாயு வாங்குகிற ஒவ்வொருவரிடமும் பாதுகாப்புக் கட்டணம் வசூலித்ததை எதிர்த்துத் தொழிற்சாலைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய மனஸ்தாபம் பொய்யன்று. பல மாதங்கள் கப்பல் தன் சக்தியில் ஒரு பகுதியைத்தான் உபயோகித்தது. ஆனால் கப்பல் வந்து சேருவதற்கு ஐந்து மாதம் முன்பாகவே, 2014 மே மாதத்தில், காஸ்ப்ராம் தன் விலையைச் சுமார் 20 சதவிகிதம் குறைத்துக்கொண்டது. இன்னும் துறைக்குள் நுழையாத ஒரு கப்பல், நீதிமன்றமும் நயமும் சாதிக்காததைச் சாதித்தது. 2022 ஏப்ரலில், ஐரோப்பிய யூனியனிலேயே முதலாவதாக, ரஷ்ய வாயு இனி வேண்டாம் என்று லித்துவேனியா அறிவித்தபோது, அளவுக்கு மீறியது என்று ஏசப்பட்ட அதே கப்பல் லாட்வியாவுக்கும் எஸ்டோனியாவுக்கும்கூட வாயு வழங்கியது. 2024 டிசம்பரில் அதை அத்தேசம் விலைக்கே வாங்கிக்கொண்டது.

ஜெர்மனியும் கடைசியில் அதே வழிக்கு வந்தது. கைவிட்ட வில்ஹெல்ம்ஸ்ஹாவன் திட்டம் விசேஷச் சட்டத்தின் துணையோடு 2022 மே மாதத்தில் தொடங்கி, டிசம்பர் 17-ஆம் தேதி திறக்கப்பட்டது. அங்கே வந்து நின்ற மிதக்கும் நிலையமும் லித்துவேனியாவுக்கு வாடகைக்கு விட்ட அதே நார்வேக் கம்பெனியினுடையது. சாதாரணமாக ஐந்தாறு வருஷம் பிடிக்கும் வேலையைச் சில மாதங்களில் முடித்த ஜெர்மன் தொழிலாளர்களின் திறமையை எவரும் பாராட்டுவர். அந்த அவசரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது ஐரோப்பாவில் அதிகம் பேசப்படவில்லை. நம்முடைய பகுதியில் வசிப்பவர்கள் அதை மறப்பதற்கில்லை.

உலகத்தில் திரவ வாயுவின் உற்பத்தி ஒரே வருஷத்தில் பெருகிவிடாது. ஐரோப்பா எந்த விலையானாலும் சரியென்று வாங்க முற்பட்டதும், ஆசியாவுக்கு வரவேண்டிய கப்பல்கள் நடுக்கடலில் திசை திரும்பின. 2022 ஜூலையில், பத்துக் கப்பல் திரவ வாயு வேண்டுமென்று பாகிஸ்தான் சர்க்கார் கேட்ட டெண்டருக்கு ஒருவர்கூட விலை கூறவில்லை. வங்காள தேசம் அதே மாதத்தில் வெளிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு, 19-ஆம் தேதி முதல் தேசமெங்கும் முறை வைத்து மின்சாரத்தை வெட்டியது. யுத்தத்தில் எப்பக்கமும் சேராத ஜனங்கள், வேறெங்கோ செய்யப்பட்ட தவறான ஏற்பாட்டுக்காகக் கோடை வெயிலில் விசிறியின்றி வியர்த்தார்கள்.

இந்தியாவையும் அது தொடாமல் விடவில்லை. நம் தேசத்துப் பொதுத்துறைக் கம்பெனியான கெயில், 2012-ஆம் ஆண்டில், காஸ்ப்ராமின் சிங்கப்பூர்க் கிளையோடு வருஷத்துக்கு 25 லட்சம் டன் திரவ வாயு 20 வருஷம் வாங்க ஒப்பந்தம் செய்திருந்தது. 2018 முதல் கப்பல்களும் வந்துகொண்டிருந்தன. அந்தச் சிங்கப்பூர்க் கிளை, ஜெர்மனியிலிருந்த காஸ்ப்ராம் ஜெர்மானியா என்ற கம்பெனியின் கீழ் இருந்தது. 2022 ஏப்ரலில் ஜெர்மன் சர்க்கார் அக்கம்பெனியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும், ரஷ்யா அதற்கு வாயு கொடுப்பதைத் தடை செய்தது. பெர்லினும் மாஸ்கோவும் மோதிக்கொண்டதில் நம் ஒப்பந்தம் நடுவில் சிக்கியது, கப்பல்கள் வரவில்லை, கெயில் தன்னிடம் வாங்குகிற உரத் தொழிற்சாலைகளுக்கும் பிறவற்றுக்கும் கொடுக்கும் வாயுவைக் குறைக்க நேர்ந்தது. மறு வருஷம் கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கினாலும், நஷ்ட ஈட்டுக்காக மத்தியஸ்தத்துக்குப் போன கெயில், சுமார் 180 கோடி டாலர் கேட்டு, 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்குச் சமாதானம் செய்துகொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யார் என்று பார்த்தால் மட்டும் போதாது, அவருக்கு மேலே யார், அவர் எந்த தேசத்துச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றும் பார்க்க வேண்டும் என்பதை நம்முடைய அதிகாரிகள் இந்த அனுபவத்திலிருந்து தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஜெர்மனிக்குத் திரும்புவோம். 2022 ஏப்ரல் இறுதியில் அத்தேசம் ஒரு நல்ல சட்டம் இயற்றியது: கிடங்குகள் யாருடையதாக இருந்தாலும், ஒவ்வொரு வருஷமும் நவம்பர் முதல் தேதிக்குள் அவற்றை 90 சதவிகிதம் நிரப்பி வைக்க வேண்டும். அதற்கான செலவை வாயு வாங்குவோரிடம் ஒரு தனிக் கட்டணமாக வசூலித்தார்கள். மூன்று வருஷம் கழிந்தது. குளிர்காலங்கள் பெரிய கஷ்டமின்றிப் போயின. சர்க்கார் எப்படியும் நிரப்பித்தான் ஆகவேண்டும் என்று அறிந்த வியாபாரிகள் கோடை விலையைக் குளிர்கால விலைக்கும் மேலே ஏற்றிவிடுகிறார்கள், ஆகவே இந்தச் சட்டமே வீண் செலவுக்குக் காரணம் என்ற புகார் எழுந்தது. புகாரில் உண்மையுண்டு. அப்படியானால் சர்க்காரே சிறிது சிறிதாக வாங்கித் தன் பெயரில் ஒரு கையிருப்பு வைத்துக்கொள்வதே அதற்குத் தக்க பரிகாரம். 2025-இல் ஜெர்மனி செய்தது அதுவல்ல. கிடங்குகளுக்கு வேண்டிய அளவைக் குறைத்தார்கள். ரேடன் களஞ்சியத்துக்கு 45 சதவிகிதமே போதும் என்று விதித்தார்கள்.